தாத்தா பாட்டியோடு சீன மலைகளுக்கு: எந்த மலை, எந்த மாதம்?

சீனாவில் மலை பார்க்கப் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் ஆளுக்கொரு படத்தைக் கைப்பேசியில் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள். தூண் தூணாக எழுந்து நிற்கும் பாறைகள், நீலமும் பச்சையுமாக ஏரிகள், மேகத்துக்கு மேலே எட்டிப் பார்க்கும் பைன் மரங்கள். படத்தில் எல்லா இடமும் அழகுதான். அதனாலேயே படத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. வீட்டில் சீக்கிரம் மூச்சு வாங்குவது யாருக்கு, முழங்கால் வலி யாருக்கு, பிள்ளைகளுக்கு விடுமுறை எந்த மாதம்: இந்த மூன்றையும் முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பட்டியலில் பாதி தானாகவே அடிபட்டுப் போகும்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது ஐந்து இடங்கள்: ஹூனான் மாகாணத்தின் ஜாங்ஜியாஜியே, அன்ஹுய் மாகாணத்தின் ஹுவாங்ஷான், சிச்சுவானின் ஜியுஜாய்கோ, குவாங்ஷியின் குய்லின், யுன்னானின் லிஜியாங். மனதில் வைத்திருப்பது ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம். அறுபத்தைந்தைத் தாண்டிய தாத்தா பாட்டி, அப்பா அம்மா, பதின்ம வயதில் ஒரு பெண், ஏழெட்டு வயதில் ஒரு பையன்.

உயரத்திலிருந்தே தொடங்குவோம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கே நன்றாக நடமாடிய உடம்புக்குக் குய்லின், ஜாங்ஜியாஜியே, ஹுவாங்ஷான் மூன்றுமே உயரத்தால் தொந்தரவு தராது. குய்லின் 150 மீட்டர் அளவில் இருக்கும் சமவெளி நகரம். மலைகள்தான் சுற்றி முளைத்திருக்கின்றன. ஜாங்ஜியாஜியேயின் தியன்மென் மலை 1,518 மீட்டர். ஹுவாங்ஷானின் மிக உயர்ந்த தாமரைச் சிகரமே 1,864 மீட்டர்தான். மற்ற இரண்டும் வேறு கணக்கு. பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று உயரத்தின் பாதிப்பு தெரிய ஆரம்பிக்கும். ஜியுஜாய்கோவில் பேருந்து போய் நிற்கும் நீள ஏரி 3,100 மீட்டரை ஒட்டி இருக்கிறது. லிஜியாங்கின் ஜேட் டிராகன் பனிமலையில் பெரிய கேபிள் கார் உங்களை 4,506 மீட்டரில் இறக்கிவிடும். இதய நோயோ நுரையீரல் தொந்தரவோ உள்ள ஒருவர் குடும்பத்தில் இருந்தால், டிக்கெட் விலையை ஒப்பிடும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். சின்னக் குழந்தைகள் தங்களுக்கு என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாமல் சிணுங்குவார்கள். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இனி ஒவ்வொன்றாக.

ஜாங்ஜியாஜியேதான் இப்போது எல்லோர் வாயிலும் அடிபடும் பெயர். 1982இல் சீனாவின் முதல் தேசிய வனப்பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம்; அதை உள்ளடக்கிய வூலிங்யுவான் பகுதி 1992இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மணற்பாறைத் தூண்கள், பல இருநூறு மீட்டருக்கும் உயரமானவை. விரிசல்களில் தண்ணீர் இறங்கி, குளிரில் உறைந்து விரிந்து, மர வேர்கள் நுழைந்து பிளந்து, பாறைத் திட்டு முழுவதும் இப்படித் துண்டு துண்டாக நிற்கிறது. நேரில் பார்க்கும்போது தூண்களின் தலையில் வளர்ந்திருக்கும் மரங்கள்தான் கண்ணைப் பிடிக்கும். மண்ணே இல்லாத இடத்தில் எப்படி நிற்கின்றன என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இங்கே நடக்காமலே நிறைய பார்க்க முடியும் என்பது பெரிய வசதி. பூங்காவுக்குள் பேருந்துகள் ஓடுகின்றன. மலைமுகட்டுக்கு ஏற பைலோங் மின்தூக்கி இருக்கிறது. 326 மீட்டரை இரண்டு நிமிடத்துக்குள் ஏறிவிடும், கீழ்ப்பாதி பாறைக்குள், மேல்பாதி திறந்தவெளியில். தியன்சி மலைக்குக் கேபிள் கார். கீழே தங்கச்சவுக்கு ஓடை என்ற பெயரில் பெரும்பாலும் சமதளமான ஒரு பாதை, ஓடையை ஒட்டியே பல கிலோமீட்டர் போகிறது. தாத்தா எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு நடந்துவிட்டுத் திரும்பலாம். குரங்குகள் அதிகம், கையில் பிஸ்கட் பொட்டலம் வேண்டாம்.

ஆனால் நடக்காமல் மிச்சமாகும் சிரமம் வரிசையில் நிற்பதில் வந்துவிடுகிறது. கூட்ட நாட்களில் மின்தூக்கிக்கும் கேபிள் காருக்கும் ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை என்று மணிக்கணக்கில் நிற்க நேரும். நடக்க முடியாத ஒருவருக்கு நிற்பதும் கடினம்தான், இதைத் திட்டம் போடும்போது பலர் மறந்துவிடுகிறார்கள். பூங்கா நுழைவுச்சீட்டு நான்கு நாட்களுக்குச் செல்லும் என்பதால் ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க ஓட வேண்டியதில்லை. வூலிங்யுவான் ஊரில் தங்கி, காலையில் சீக்கிரம் உள்ளே போய், மதியத்தோடு திரும்பி ஓய்வெடுத்து, அடுத்த நாள் வேறு வாசல் வழியாகப் போவதுதான் பெரியவர்களோடு வருகிறவர்களுக்குச் சரிப்படும்.

தியன்மென் மலை வேறு இடம். பூங்காவிலிருந்து தள்ளி, ஜாங்ஜியாஜியே நகரத்தை ஒட்டி இருக்கிறது. அதற்குத் தனிச் சீட்டு, தனி நாள். நகரத்திலிருந்தே கிளம்பும் அதன் கேபிள் கார் ஏழு கிலோமீட்டருக்கும் நீளம், அரை மணி நேரப் பயணம். வீடுகளின் கூரைகள் மேலாகப் போய், வயல்களைக் கடந்து, பாறைச் சுவரை நோக்கி ஏறும். உயரத்தைக் கண்டு பயப்படாதவர்களுக்கு அந்த அரை மணி நேரத்துக்காகவே இந்த ஊருக்கு வரலாம் என்பேன். மலையைத் துளைத்த வாசல் போன்ற குகைக்கு 999 படிகள். படி ஏற முடியாதவர்களுக்கு மலைக்குள்ளே நகரும் படிக்கட்டுகள் உண்டு. பதின்ம வயதுப் பெண் கேட்கப்போவது 2016இல் திறந்த கண்ணாடிப் பாலம். அது இன்னொரு பள்ளத்தாக்கில் இருக்கிறது, சுமார் 300 மீட்டர் உயரத்தில் தொங்குகிறது. மூன்றையும் சேர்த்தால் நான்கு நாட்கள் வேண்டும். இரண்டே நாட்களில் மூன்றையும் காட்டுகிறோம் என்று சொல்லும் சுற்றுலாத் திட்டங்களை நம்பிப் பெரியவர்களை அழைத்துப் போகாதீர்கள்.

சாப்பாட்டில் ஒன்று. ஹூனான் சமையல் காரமானது, மிளகாயை அள்ளிப் போடுவார்கள். நமக்குப் பிடிக்கும். ஏழு வயதுப் பையனுக்குத்தான் பிரச்சினை. சைவம் சாப்பிடுகிறவர்கள் வெறும் காய்கறி என்று நினைத்து வாங்கும் தட்டிலும் பன்றிக்கொழுப்பு சேர்ந்திருக்கலாம். மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதிக் காட்டியே கேட்க வேண்டும்.

ஹுவாங்ஷானைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஆறு பேருக்கு அது பொருந்தாது. மலையாக மட்டும் பார்த்தால் ஐந்திலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கருங்கல் சிகரங்கள், பாறை இடுக்கில் வளைந்து வளர்ந்த பைன் மரங்கள், காலையில் கீழே பரவிக் கிடக்கும் மேகக்கடல். சீன மலை ஓவியங்களில் பார்த்த அதே காட்சி. கேபிள் கார் மேலே கொண்டுபோய் விடும். அதற்கு அப்புறம் எல்லாமே கல்படிகள். ஒரு காட்சியிடத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏறி இறங்கி ஏற வேண்டும். சூரிய உதயம் பார்க்க மேலேயே தங்க வேண்டும். பெரிய பெட்டிகளை அடிவாரத்து தாங்கோ ஊரிலேயே வைத்துவிட்டு ஒரு சிறு பையோடுதான் ஏற வேண்டும். மேலே விடுதிகள் விலை அதிகம். அதற்குக் காரணம் கண்ணெதிரே தெரியும்: அரிசி, காய்கறி, படுக்கை விரிப்பு வரை தோளில் காவடி போட்டுச் சுமப்பவர்கள் படியேறிக் கொண்டிருப்பார்கள். வருடத்தில் பாதிக்கும் மேற்பட்ட நாட்கள் அங்கே மூடுபனி. ஒரே ஒரு இரவுக்குப் பணம் கொடுத்து, முழங்காலையும் வருத்தி ஏறி, வெள்ளைத் திரையைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் இறங்குவது நடக்கக்கூடியதே. பிள்ளைகள் வளர்ந்த பிறகு, அல்லது கணவன் மனைவி மட்டும் போகும்போது, இதை முதலிடத்தில் வையுங்கள். ஹாங்சோவிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம் அளவுதான். அடிவாரப் பகுதியில் ஹோங்சுன், ஷிதி என்ற பழைய கிராமங்களும் இருக்கின்றன. மலையில் மழை பெய்தால் அங்கே போகலாம்.

இப்போது ஜியுஜாய்கோ. ஒன்பது திபெத்தியக் கிராமங்களின் பள்ளத்தாக்கு. இங்கே மலையைவிடத் தண்ணீரைப் பார்க்கத்தான் போகிறோம். மலைச்சுண்ணாம்பு கரைந்த தண்ணீர், அடியில் படிந்த வெள்ளைப் படிவம், பாசி, வெளிச்சம் எல்லாம் சேர்ந்து ஒரே ஏரியில் நீலம், பச்சை, மஞ்சள் என்று பல நிறம் காட்டும். தண்ணீர் அத்தனை தெளிவு. எப்போதோ விழுந்த மரங்கள் சுண்ணாம்பு படிந்து அடியில் கிடப்பது கரையிலிருந்தே தெரியும். 2017 ஆகஸ்டில் நிலநடுக்கம் வந்து பூங்கா மூடப்பட்டது. பகுதி பகுதியாகத் திறந்து இப்போது முழுமையாக இயங்குகிறது.

முதியவர்களுக்கு இது நினைப்பதைவிட எளிது. பள்ளத்தாக்கு ஒரு கவட்டை போலப் பிரிகிறது. உள்ளே ஓடும் பேருந்தில் ஏறி உச்சிக்குப் போய்விட்டு, ஒவ்வொரு ஏரியிலும் இறங்கி, மரப்பலகைப் பாதையில் கொஞ்ச தூரம் கீழ்நோக்கி நடந்து, அடுத்த நிறுத்தத்தில் மறுபடி ஏறிக்கொள்ளலாம். நாள் முழுக்க இப்படியே போகலாம். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு இருப்பதால் சீட்டை முன்பே எடுத்துவிட வேண்டும்.

முன்பெல்லாம் இந்த இடத்தைத் தள்ளிவைக்கக் காரணம் வழிதான். சிச்சுவானின் தலைநகர் செங்டுவிலிருந்து மலைச் சாலையில் எட்டு மணி நேரத்துக்கும் மேல். 2024 ஆகஸ்ட் இறுதியில் ஹுவாங்லோங்ஜியுஜாய் நிலையம் வரை ரயில் வந்துவிட்டது. செங்டுவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே இறங்கலாம். பிறகு பூங்கா வாசலுக்குப் பேருந்தில் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். ஜியுஜாய்கோவைக் குடும்பப் பயணமாக மாற்றியது இந்த ரயில்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் ரயிலின் வேகத்திலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. செங்டு 500 மீட்டர். ரயில் நிலையம் சுமார் 3,000 மீட்டர். சாலையில் ஒரு நாள் முழுக்க ஏறிய உயரத்தை உடம்பு இரண்டே மணி நேரத்தில் ஏறுகிறது. அதனால் இறங்கியவுடன் பக்கத்திலிருக்கும் ஹுவாங்லோங்குக்குப் போகாதீர்கள். அங்கே மஞ்சள் சுண்ணாம்புத் தொட்டிகள் படிப்படியாக அழகாக இருக்கும்தான், ஆனால் அதன் உச்சிக் குளம் 3,500 மீட்டருக்கு மேல், கேபிள் காரில் ஏறிய பிறகும் நடை உண்டு. முதலில் பூங்கா வாசல் ஊருக்கு வந்துவிடுங்கள். அது 2,000 மீட்டர்தான். இரண்டு இரவு அங்கே தூங்கி, ஜியுஜாய்கோவைப் பார்த்து, உடம்பு பழகிய பிறகு திரும்பும் வழியில் ஹுவாங்லோங். யாருக்காவது தலைவலி இருந்தால் ஹுவாங்லோங்கை விட்டுவிடலாம், பெரிய இழப்பில்லை. செங்டுவில் பாண்டா இனப்பெருக்க மையம் இருப்பதால் சின்னப் பையனும் மகிழ்ச்சியோடு வருவான். காலையில் திறந்ததுமே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் பாண்டாக்கள் தூங்கப் போய்விடும்.

குய்லின் பற்றி ஒரு குறை அடிக்கடி கேட்கிறேன்: எல்லோரும் போகிற இடம், கடைத்தெருக்கள் அதிகம் என்று. உண்மைதான், குய்லினை அடுத்த யாங்ஷுவோ ஊரின் மேற்குத் தெரு மாலையில் இரைச்சல் தாங்காது. ஆனால் நம் ஆறு பேரில் யாரும் விடுபடாமல் ஒன்றாக உட்கார்ந்து மலை பார்க்கக்கூடிய இடம் இந்த ஐந்தில் இது ஒன்றுதான். லி ஆற்றில் குய்லின் பக்கத்திலிருந்து யாங்ஷுவோ வரை படகில் நான்கு மணி நேரம். பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார், பிள்ளைகள் மேல்தளத்துக்கு ஓடுவார்கள், இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஷிங்பிங் அருகே வரும் காட்சி 20 யுவான் நோட்டின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. நோட்டை நீட்டிப் பிடித்து மலையோடு பொருத்திப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டு.

இன்னொரு பெரிய நன்மை, மூடுபனி வந்தாலும் பயணம் கெடாது. ஜாங்ஜியாஜியேயில் மூடுபனி என்றால் மேலே ஒன்றும் தெரியாது. இங்கே தூறலும் மேகமும் குன்றுகளைச் சுற்றிக்கொண்டால் காட்சி இன்னும் நன்றாகத்தான் இருக்கும். வெயில் நாளில் யாங்ஷுவோ வயல்வெளிகளில் சைக்கிள், யூலோங் ஆற்றில் மோட்டார் இல்லாத மூங்கில் மிதவை. மிதவைக்கு வயது, உயர வரம்புகள் உண்டு. தாத்தா பாட்டிக்கும் பையனுக்கும் அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மலைமேல் ஒரு இரவாவது தங்க வேண்டும் என்றால் லோங்ஜி நெல் படிவயல்கள், குய்லினிலிருந்து சாலையில் இரண்டு இரண்டரை மணி நேரம். பிங்ஆன் கிராமத்துக்கு வண்டி நிற்கும் இடத்திலிருந்து கல்படி ஏற வேண்டும். உள்ளூர்ப் பெண்கள் கூடையில் பெட்டிகளைச் சுமந்து தருவார்கள், பல்லக்குத் தூக்கிகளும் உண்டு. தாசாய் பக்கம் கேபிள் கார் இருப்பதால் பெரியவர்களோடு போகிறவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கலாம். மூங்கிலுக்குள் அடைத்துச் சுட்ட சோறு கிடைக்கும். காரமில்லாத சோறும் காயும் தேடும் பையனுக்கு இந்தப் பகுதி தோதானது.

லிஜியாங்கைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒரு விஷயத்தில் தெளிவாக இருந்தால் போதும்: பனியைத் தொட்டே ஆக வேண்டுமா? ஊரே 2,400 மீட்டரில் இருக்கிறது. முதல் நாள் மெதுவாக, யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பழைய நகரத்தின் கால்வாயோரம் நடந்து கழிக்கலாம். 5,596 மீட்டர் பனிமலை ஊரிலிருந்தே தெரியும். பெரிய கேபிள் காருக்கு அப்பா அம்மாவும் பெண்ணும் போகட்டும். தாத்தா பாட்டியும் பையனும் 3,200 மீட்டர் அளவிலுள்ள ஸ்ப்ரூஸ் புல்வெளிக்கோ, அதைவிடத் தாழ்வான நீலநிலாப் பள்ளத்தாக்குக்கோ போய் அதே மலையை நிமிர்ந்து பார்க்கலாம். ஆக்சிஜன் குப்பி எங்கும் விற்கிறார்கள். அது சிறு ஆறுதல், மருந்தல்ல. யாருக்காவது மூச்சுத் திணறினால் கீழே இறங்குவது ஒன்றே வழி.

மாதக் கணக்கைப் பார்த்தால் இந்த வரிசையே மாறுகிறது. தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும். அப்போது குய்லினில் மழைக்காலம் உச்சத்தில் இருக்கும்; ஏப்ரல் முதல் ஜூன் வரை கொட்டும், வெள்ளம் வந்தால் படகையே நிறுத்துவார்கள். தூறல் அழகு, வெள்ளம் அழகல்ல. அதே நேரத்தில் யுன்னானில் மழை இன்னும் பிடிக்காது, மலையில் பனியும் மிச்சமிருக்கும். ஆகவே மே விடுமுறைக்காரர்களுக்கு என் முதல் தேர்வு லிஜியாங், இரண்டாவது ஜியுஜாய்கோ. அங்கே மே மாதம் புதுப்பச்சையும் தூரத்துப் பனிச் சிகரமுமாக இருக்கும். மே 1 ஒட்டிய சீன விடுமுறை நாட்களை மட்டும் தாண்டிவிட்டுப் போங்கள்.

காலாண்டு விடுமுறை செப்டம்பர் இறுதியில் வரும். லோங்ஜியில் நெல் பொன்னிறமாகும் நேரம் அது, ஆனால் அக்டோபர் 1 முதல் ஒரு வாரம் சீனா முழுவதும் விடுமுறை. அந்த வாரத்தில் இந்த ஐந்து இடங்களில் எதற்கும் முதியவர்களை அழைத்துப் போக வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். பள்ளிக்கட்டு இல்லாதவர்களுக்கு அக்டோபர் பாதிக்கு மேல் ஜியுஜாய்கோ. இலைகள் சிவந்து ஏரிகளில் விழும் அந்த இரண்டு மூன்று வாரங்களுக்கு இணையாக மற்ற நான்கிலும் எதுவுமில்லை. சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் நீண்ட விடுமுறை. அப்போது குய்லின் குளிர்ந்து வறண்டு இதமாக இருக்கும், ஆற்றில் தண்ணீர் குறைவதால் படகு வழி சுருங்கலாம். ஜூலை, ஆகஸ்ட் சீனப் பிள்ளைகளின் கோடை விடுமுறை, எங்கும் கூட்டம்.

விசாவையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா எடுக்க வேண்டும். 2020இல் நின்றுபோன இந்திய சீன நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் மீண்டும் தொடங்கின. குவாங்சோவில் இறங்கினால் குய்லின் அதிவேக ரயிலில் மூன்று மணி நேரம் அளவுதான். வீட்டை விட்டுக் கிளம்பி மலையைக் காணும் வரை ஆகும் களைப்பில் இது மற்ற நான்கையும்விடக் குறைவு.

ஆக, ஆறு பேரையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்: செப்டம்பர் நடுவிலோ, அக்டோபர் விடுமுறை முடிந்த பிறகோ, நவம்பரிலோ போக முடிந்தால் குய்லின், யாங்ஷுவோ, லோங்ஜி என்று ஒரு வாரம். பெரியவர்களுக்கு இதய, மூச்சுத் தொந்தரவு இல்லை, அக்டோபர் இறுதி சாத்தியம் என்றால் செங்டுவோடு ஜியுஜாய்கோ. பெரியவர்கள் வரவில்லை, பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியவர்கள் என்றால் ஜாங்ஜியாஜியே. இரண்டு இடங்களை ஒரே பயணத்தில் கோக்கும் ஆசை வரும். வரைபடத்தில் பக்கம் போலத் தெரிந்தாலும் மாகாணம் மாறும் ஒவ்வொரு நாளும் பெட்டி கட்டுவதிலும் ரயில் நிலையத்திலுமே போய்விடும். பெரியவர்கள் இருந்தால் ஒரே பகுதியில் நில்லுங்கள்.

இடம் எதுவானாலும் சில ஏற்பாடுகள் பொது. பணம் செலுத்த உதவும் அலிபே அல்லது வீசாட் செயலியில் உங்கள் கடன் அட்டையை ஊரிலிருக்கும்போதே இணைத்து வையுங்கள். ரயில் சீட்டு பயணத்துக்கு 15 நாள் முன்னால்தான் திறக்கும். ஆறு பேர் சேர்ந்து உட்கார வேண்டுமென்றால் திறந்த அன்றே எடுங்கள். ஆறு முதல் பதினாலு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு ரயிலில் பாதிக் கட்டணம். பூங்கா வாசலில் அசல் கடவுச்சீட்டு கேட்பார்கள், அறையில் வைத்துவிட்டு வராதீர்கள். மலைப்பகுதிக் கழிப்பறைகள் பெரும்பாலும் குந்தி உட்காரும் வகை. முழங்கால் முடியாதவர்களுக்கு மேற்கத்திய வகை இருக்கும் விடுதியா என்று கேட்டு அறை போடுங்கள். ரயிலிலும் நிலையத்திலும் வெந்நீர் இலவசமாகக் கிடைக்கும், ஆளுக்கொரு பிளாஸ்க் போதும். வெறும் சோறு தெற்கில் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலும் கொஞ்சம் பருப்புப்பொடியும் பையில் இருந்தால் பாட்டியின் சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம்.